நீல ரிப்பன் சரிவு

எதைக் கீழே வைத்தாலும் அதன் பக்கத்தில் வலது குதிகாலால் ஒரு மிதி மிதிப்பார். தண்ணீர் வாளியை வைத்தால் ஒரு மிதி. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினால், வெறுங்காலோடு ஒரு மிதி. கடையில் பையை இறக்கிவிட்டுச் சட்டைப்பையைத் துழாவும்போதும் கால் அதன் வேலையை முடித்துவிட்டிருக்கும். ஓங்கி மிதிப்பதில்லை. குதிகாலை ஊன்றி, லேசாகத் திருகி, உடம்பின் பாரத்தை அரை நொடி அதன்மேல் இறக்கி, எடுத்துவிடுவார். கீழே இருப்பது சிமென்ட்டா, பலகையா, பஸ்ஸின் தகரமா என்றெல்லாம் அந்தக் கால் பார்க்காது. இருபத்தாறு வருஷமாக, வருஷத்துக்கு நான்கு மாதம், மலைச்சரிவுகளில் கன்று நட்ட கால் அது. கன்றைக் குழியில் இறக்கிய கையோடு, வேரைச் சுற்றிக் காற்று தங்காமல் மண்ணை மூடுகிற மிதி.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி இதைப் பார்த்துவிட்டு, பூச்சி ஏதோ ஓடுகிறது என்று ஒவ்வொரு தடவையும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாளாம். இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. கீழ்வீட்டில் மோட்டார் சுற்றுகிறவருக்குத்தான் பழகவில்லை. மேலே 'தொம்' என்று கேட்டால், "சார் எதையோ வெச்சுட்டாரு" என்று கம்பியைச் சுற்றியபடியே சொல்லிக்கொள்வார்.

மலை முகாமில் அவருக்கு மிதியார் என்று பேர். பதினோரு சீசனாக அவர் பின்னாலேயே போய், அவர் டென்ட்டிலேயே படுத்து, அவர் எந்தச் சரிவில் ஏறினால் அதற்கு அடுத்த சரிவில் ஏறி நட்டுவிட்டு வருகிற மைத்துனனுக்கு, மனைவியின் தம்பிக்கு, வால் என்று பேர். முப்பத்தாறு வயசாகி, ஒரு குழந்தைக்குத் தகப்பனான பிறகும் அவன் வால்தான். அவனுக்கு அதில் வருத்தம் இல்லை. வேறு எதனுடைய தலையாகவும் அவன் இருந்ததில்லை.

சீசனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது டென்ட் பரணிலிருந்து இறங்கும். இருப்பதே இரண்டு அறை. முன்னறையில் கட்டில், அக்காவின் தையல் மெஷின், இரண்டு நாற்காலி; டென்ட்டை விரித்தால் எல்லாம் அதற்கு அடியில் போய்விடும். அக்கா நடுவில் உட்கார்ந்து, எலி கடித்த இடம், கிளை கிழித்த இடம், போன வருஷம் வாலின் சிகரெட் பட்ட இடம் என்று ஒவ்வொன்றாக ஒட்டுத்துணி வைத்துத் தைப்பாள். சிகரெட் ஓட்டைக்கு மட்டும் வேண்டுமென்றே சிவப்புத் துணி வைத்திருந்தாள். "எவன் வேலைன்னு தெரியட்டும்" என்றாள்.

மற்றதெல்லாம் ஆண்கள் வேலை. ஜிப்பில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்க்க வேண்டும், மலைக்குளிரில் ஜிப் பல்லைக் கடித்துக்கொள்ளும். தீப்பெட்டிக் குச்சிகளை மாத்திரை டப்பாவில் போட்டு மூடியைச் சுற்றி மெழுகு ஊற்ற வேண்டும். அட்டைக்கு உப்பு, துணி முடிச்சில், ஆளுக்கு இரண்டு. கால் நகத்தைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே நேராக வெட்டிவிட வேண்டும். கிளம்புகிற அன்று வெட்டினால் முதல் இறக்கத்திலேயே நகம் சதைக்குள் போய்விடும். பூட்ஸைத் தண்ணீரில் முக்கி, ஈரத்தோடு போட்டு, காலிலேயே காயவிட வேண்டும். மிதியார் தினமும் சாயங்காலம் சளக் சளக் என்று தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வருவார். ஒரு சொட்டு மழை இல்லாத தெருவில் அவர் மட்டும் நனைந்த கால்தடம் பதித்துக்கொண்டு போவதைப் பார்த்து, குழாயடியில் நின்றவர்கள், எந்த ஊரில் வெள்ளம் என்று விசாரிப்பார்கள்.

இந்த வருஷமும் இதெல்லாம் நடந்தது. ஆனால் வால் ஒன்றைக் கவனித்துவிட்டான். டென்ட் விரித்த அன்று அக்கா டீ கொண்டுவந்தாள். டம்ளரைத் தொட முடியவில்லை. வால் சட்டை நுனியால் பிடித்து ஜன்னல் திட்டில் வைத்தான். மாமா இடது கையில் வாங்கிக்கொண்டு, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் டம்ளரைச் சுற்றி அழுந்தியிருக்க, டென்ட் முளைகளில் எத்தனை வளைந்திருக்கிறது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விரல்கள் சிவந்து வந்தன. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. அக்காதான் ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினாள். அப்போதுதான் அவர் விரலைப் பார்த்தார், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல.

அந்த மூன்று விரல்களில் உணர்ச்சி போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்று பிறகு அக்கா சொன்னாள். குளிர்ந்த மண்ணும் ஈரமும் நரம்பைத் தின்றுவிட்டன, போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கன்று நடுகிறவனுக்கு இடது கைதான் எல்லாம். வலது கையில் குறுகலான மண்வெட்டி; அதைச் செருகி ஒரு பிளவு திறந்தால், இடது கை இடுப்புப் பையிலிருந்து கன்றை எடுத்துப் பிளவுக்குள் இறக்கும். மூன்று விரல்களும் வேரோடு கூடவே உள்ளே போய், நுனி எங்கேயாவது மடங்குகிறதா என்று தடவி, மடங்கினால் துளி மேலே இழுத்து நிமிர்த்திவிடும். பிறகு குதிகால். மூன்று எட்டு வைத்தால் அடுத்தது. உள்ளே நடப்பதைக் கண் பார்க்க முடியாது, விரல்தான் பார்க்கும். வேர் மடங்கி நட்ட கன்று செத்துப்போகாது. தழைத்து, உயர்ந்து, ஆள் உயரம் தாண்டி நிற்கும். நாலு வருஷம், ஏழு வருஷம் கழித்து ஒரு பெருங்காற்று அடிக்கும்போதுதான் அடியில் பிடிப்பில்லை என்பது தெரியும்.

"இந்த வருஷம் மட்டும்டா, வெளிய சொல்லாதே" என்றார் மாமா, வாலிடம். "அடுத்த வருஷம் நானே நிறுத்திக்கறேன்."

வால் சரி என்றான். மலையில் பழையவர்களை யாரும் சோதிப்பதில்லை. மேஸ்திரி அவருக்கு நீல ரிப்பன் உருளையைக் கொடுப்பார், அவர் தன் சரிவில் நட்டுக்கொண்டே போய் எல்லையில் நீலத்தைக் கட்டுவார். வாலுக்கு மஞ்சள். அவனவன் நட்டது அவனவன் நிறத்தில். ஒருவன் ரிப்பனுக்குக் கீழே இன்னொருவன் நட்டால் இரண்டு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அது ஒன்றுதான் அங்கே சட்டம்.

புறப்பட இன்னும் பத்து நாள் இருந்தபோது மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் படியேறி வந்ததில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. டென்ட்டை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து வந்து, ஒட்டுத்துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தையல் நல்ல தையல் என்றார். சிவப்புத் துணி எதற்கு என்று கேட்டார். சொன்னதும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். கையில் ஒரு சாக்கு. அதைக் கீழே வைத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு மரத்தின் அடித்துண்டு இருந்தது. மணிக்கட்டுப் பருமன். கீழே போகவேண்டிய வேர் பாதியில் திரும்பி, குடையின் கைப்பிடி மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆத்துக்கு மேல இருக்கிற சரிவுண்ணே. ஏழு வருஷத்துக்கு முன்னாடி நட்டது. போன மாசக் காத்துல கீழ்ப்பாதி மொத்தமும் படுத்துருச்சு. ஃபாரஸ்ட் ஆபீஸ்காரங்க தோண்டிப் பார்த்தாங்க. எதைத் தோண்டினாலும் இப்படித்தான் இருக்கு. பாதையோரமா ஒரு மூணு மட்டும் நிமிர்ந்து நிக்குது, அது எப்படின்னு தெரியல."

"ரிப்பன்?" என்றார் மாமா.

"வெளுத்துப்போச்சு. ஆனா நீலம்."

அக்காவின் மெஷின் நின்றது. வால் தன் கையிலிருந்த மெழுகுத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகம் அதில் இறங்கியிருந்தது.

அந்தச் சரிவை அவனுக்குத் தெரியும். அது அவனுடைய நாலாவது சீசனின் கடைசி வாரம். மாமா மேலிருந்து பாதிவரை நட்டுக்கொண்டு வந்தபோது காய்ச்சல் கண்டு மூன்று நாள் டென்ட்டில் கிடந்தார். நாலாம் நாள் ஊர் திரும்புகிற லாரி. சரிவு பாதியில் நின்றால் அடுத்த வருஷம் அவருக்கு நீலம் கிடைக்காது. வால் தன் மஞ்சளை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, மேஸ்திரி அடுத்த மலையில் இருக்கிற நேரம் பார்த்து, மாமாவின் பையை மாட்டிக்கொண்டு கீழ்ப்பாதியில் இறங்கினான். மூன்று மத்தியானங்கள். நட்டான் என்று சொல்வதைவிடத் திணித்தான் என்று சொல்லலாம். பிளவு, கன்று, மிதி. விரலை உள்ளே விட நேரமில்லை. நீலத்தைக் கட்டிவிட்டு வந்து, முடிச்சாச்சு மாமா என்று சொன்னபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு அலுப்பு.

நாலாம் நாள் காலையில் மாமா எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, லாரி வருவதற்குள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லா நட்டிருக்கே" என்றார். பதினோரு சீசனில் அவர் வாலின் வேலையைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதற்கப்புறம் எந்தச் சரிவில் நின்று இடுப்பு கழன்றாலும் வால் அந்த இரண்டு வார்த்தையை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துக்கொள்வான்.

இப்போது அந்த வேர் தரையில் கிடந்தது. மாமா குனிந்து வலது கையால் அதைத் தொட்டார். வளைவில் விரலை ஓட்டினார். வால் வாயைத் திறந்தான். சொன்னால் என்ன ஆகும் என்பது அதற்குள் அவனுக்குக் கணக்காகிவிட்டிருந்தது: ரிப்பன் மாற்றி நட்டதற்கு இரண்டு பேரும் வெளியே. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இது மாமாவின் வேலை இல்லை என்றாகி அவர் மட்டும் தப்பித்து மலையேறினால், அந்த விரல்களை வைத்துக்கொண்டு நிஜமாகவே இப்படித்தான் கன்று நடப்போகிறார். இப்படி எந்தப் பக்கம் திருப்பினாலும் நியாயம்போல ஒன்று வந்து வாயில் நின்றது. நியாயத்துக்குப் பின்னால் நின்றது பயம் என்று அவனுக்குத் தெரியாமலில்லை.

"என் ரிப்பன்னா என் கன்னுதான்" என்றார் மாமா. "என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அக்கா தம்பியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெஷினை மறுபடி ஓட்டினாள்.

நாற்றுப்பண்ணையில் சனிக்கிழமை பத்துக் கன்று நட்டுக் காட்ட வேண்டும், தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு, அது சும்மா ஒரு பேச்சுக்குத்தான் என்று இரண்டு தடவை சொன்னார்.

மிச்ச நாட்களில் அந்த வீட்டில் ஒரு வாளி மண் நடுவில் உட்கார்ந்துகொண்டது. கன்றுக்குப் பதிலாகக் கொத்தமல்லிக்கட்டு நாரிலிருந்து செருப்பு வார்வரை அக்கா எதையெல்லாமோ எடுத்துக் கொடுத்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு இறக்குவார். அக்கா மண்ணைக் கிளறிப் பார்த்து, நேரா, கோணலா என்று சொல்வாள். சில சமயம் கோணலை நேர் என்று சொன்னாள். அவள் குரலைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிடும். "நீ எனக்குச் சொல்லாதே, வாளிக்குச் சொல்லு" என்பார். கட்டைவிரலில் எண்ணெய் தேய்த்தார்கள், வெந்நீரில் வைத்தார்கள், வெந்நீர் எவ்வளவு சூடு என்று பார்ப்பதற்கு அக்காவின் கை தேவைப்பட்டது. வால் தினமும் சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். நீயும் போடேன் என்று அக்கா ஒரு நாள் வாளியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை காலை நாற்றுப்பண்ணையில் ஆபீஸ்காரர்கள் யாரும் இல்லை. மேஸ்திரி மட்டும், கையில் ஒரு தாள். தண்ணீர் தெளித்த பாத்திகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மாமா பையை மாட்டிக்கொண்டு, கொத்திவைத்த மண் மேட்டில் ஏறினார். அவர் நடுவதைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. மண்வெட்டி அதே வேகத்தில் இறங்கியது. இடது கை போனது, வந்தது. குதிகால் திருகியது. பத்துக் கன்றும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நின்றன. வாலுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கைகூட வந்தது.

மேஸ்திரி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பார்க்க ஆள் இல்லை, ஒன்றைத் தோண்டினேன், சரியாக இருந்தது என்று எழுதிக்கொடுத்தால் போதும் என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எதைத் தோண்டறதுன்னு நீங்களே காட்டிடுங்கண்ணே."

நட்டவனுக்குத் தெரியும், எது சுகமாக இறங்கியது, எது முரண்டு பிடித்தது என்று. ஆயிரம் நட்டாலும், போன நாலைந்தின் நினைவு கையிலேயே இருக்கும். மேஸ்திரியும் ஒரு காலத்தில் நட்டவர்தான். அதனால்தான் அப்படிக் கேட்டார்.

மாமா வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். திரும்பி நடந்தார். நாலாவது கன்றுக்கு முன்னால் நின்றார். அதன் நுனியை இரண்டு விரலால் பிடித்தார், விட்டார். ஏழாவதிடம் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஏதாவது ஒன்றைக் காட்டு மாமா, ஏதாவது ஒன்றை என்று வால் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"தெரியலப்பா" என்றார் அவர் கடைசியில். "எல்லாம் ஒண்ணு மாதிரியேதான் இருக்கு."

மாமாவே குனிந்து, பத்தையும் வலது கையால் மண்ணோடு பெயர்த்து எடுத்து, சாக்கின்மேல் வரிசையாகப் படுக்கவைத்தார். ஆறு நேராக இருந்தன. நாலு மடங்கியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். பத்துக்கும் ஈர மண் அப்பி, நாற்றுத் தட்டில் திருப்பி வைத்து, அதன் பக்கத்தில் ஒரு மிதி மிதித்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

திரும்பும் வழியில் வால் பின்னாலேயே வந்தான். பாலம் தாண்டியதும், "மாமா, அந்தச் சரிவு..." என்று ஆரம்பித்தான்.

"டென்ட் ஜிப்புக்கு மெழுகு போட்டியா?"

"போட்டேன். மாமா, மேஸ்திரிகிட்ட நான் போய்..."

"ரெண்டு பக்கமும் போடணும். உள்பக்கம் விட்டுட்டீன்னா நடுராத்திரி ஒண்ணுக்குப் போக முடியாது" என்றார் அவர். வாலும் அதற்குமேல் முயற்சி செய்யவில்லை. நிறுத்தியது அவர்தானே என்று அன்றைக்கு அவனால் நினைத்துக்கொள்ள முடிந்தது.

புறப்படுகிற காலையில் மூட்டையைக் கீழே இறக்கிக் கொடுத்தது மாமாதான். இரண்டு பேர் டென்ட் ஒருவனுக்கு. அக்கா பழக்கத்தில் உப்பு முடிச்சு நாலு கட்டிவிட்டிருந்தாள், எடுக்கவில்லை. தெருமுனையில் லாரி நின்றது. மூட்டையை வைத்துவிட்டு அவர் குதிகால் தார்ச்சாலையில் ஒரு தடவை திருகியது. மேஸ்திரி லாரியிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டார், என்ன சொல்வது என்று தெரியாமல், தையல் நல்ல தையல் என்று மறுபடியும் சொன்னார்.

"குறட்டை விட ஆள் இல்லைன்னு தூங்காம கிடக்காதே" என்றார் மாமா, வாலிடம்.

மலையில் நீல உருளை ஒரு புது ஆளுக்குப் போயிற்று. வால் டென்ட்டின் இடது பக்கம் படுத்தான். வலது பக்கம் மூட்டையை வைத்தான். பகலில் ஒவ்வொரு கன்றுக்கும் விரலை உள்ளே விட்டுத் தடவித் தடவி நட்டான். வரிசையில் எப்போதும் கடைசியாக இறங்கினான். ஏற்கெனவே படுத்துவிட்ட சரிவுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆற்றுக்கு மேலே போகிற பாதையை அவன் அந்த நாலு மாதமும் தவிர்த்தான். சாய்ந்த மரங்களை வெட்டி அகற்றிவிட்டு அங்கே கன்று எதுவும் நடப்போவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். மண் இறங்க ஆரம்பித்துவிட்டதாம்.

திரும்பி வந்தபோது மாமா ஒரு துணிக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தார். டோக்கன் எடுப்பது, கொடுப்பது எல்லாம் வலது கையில். இடது கை பேன்ட் பையில் இருந்தது. டென்ட்டைப் பரணில் ஏற்றுவதற்கு முன்னால் அக்கா அதை விரித்துப் பார்த்தாள். புது ஓட்டை எதுவும் இல்லை. சிகரெட்டை விட்டுட்டியா என்று கேட்டாள். பிறகு, மடித்துக்கொண்டே, சாதாரணமாக ஒன்று சொன்னாள். அதைச் சொல்லக்கூடாது என்று மாமா ஏழு வருஷமாக அவளிடம் வாங்கிவைத்திருந்த வாக்கு இனிமேல் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

காய்ச்சல் விட்ட அந்தக் காலையில், போர்வையோடு கீழ்ச்சரிவுக்குப் போனவர் பாதையோரத்துக் கன்றுகளில் மூன்றைப் பிடுங்கிப் பார்த்தாராம். மூன்றும் மடங்கியிருந்ததாம். மூன்றையும் நிமிர்த்தித் திரும்ப நட்டு, மிதித்தாராம். நாலாவதைக் குனிந்து பிடிக்கும்போது லாரியின் ஹாரன் கேட்டிருக்கிறது.